செம்பனையை அறுக்க நாளை யார் வருவார்?

('பெருந்தோட்ட விவசாயம் நிலைக்குமா?' என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னர் பேசிய இருவரில் ஒருவர் காட்டுக்காக வாதாடினார். மற்றவர் நாட்டின் ஏற்றுமதி வருமானத்துக்காக வாதாடினார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு பேச்சிலும் ஓர் ஆள் வரவே இல்லை. நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குச் செம்பனை மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறானே, அவன் வரவில்லை. பெருந்தோட்டம் நிலைக்குமா என்று கேட்டால், மண் தாங்குமா, மழை தாங்குமா என்று பார்ப்பதோடு அந்த ஆள் தாங்குவானா என்றும் பார்க்க வேண்டும். நான் தோட்டத்தில் பிறந்தவன்; பின்னர் தோட்டத்திலேயே கண்டக்டராகவும் வேலை பார்த்தவன். ஆகவே எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் அந்த ஆளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

செம்பனை நம் மண்ணின் மரம் அன்று. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் நான்கே நான்கு கன்றுகள் ஜாவா தீவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வாரிசுகள் சுமத்ராவின் டெலி வட்டாரத்துக்குப் போயின. அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. இன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் நிற்கும் மரங்களின் தாய்வழியைத் தேடிப் போனால், பெரும்பாலும் அந்த நான்கு கன்றுகளில்தான் போய் முடியும். லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே குடும்பத்து மரங்கள்! கானோடெர்மா என்னும் பூசணம் வந்து அடித்தண்டு அழுகத் தொடங்கினால் அது ஏன் இத்தனை சுலபமாகப் பரவுகிறது, ஏன் ஒவ்வொரு மறுநடவிலும் முன்னைவிட இளைய மரங்களைப் பிடிக்கிறது என்று தோட்டக்காரர்கள் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலாயாவில் செம்பனையை வாணிக நோக்கில் முதன்முதலில் நட்டவர் ஆங்கிலேயர் அல்லர். ஆன்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1917ஆம் ஆண்டு, சிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். அது நம் பெயர். அந்தக் காட்டை அழித்தவனும் குழி தோண்டியவனும் எந்த மொழி பேசினான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனாலும் அரை நூற்றாண்டுக் காலம் ரப்பர்தான் ராஜா. 1960களில் செயற்கை ரப்பரின் போட்டியால் விலை இறங்கியபோது அரசாங்கமும் நிறுவனங்களும் செம்பனையின் பக்கம் திரும்பின. பால்வாளியைக் கீழே வைத்த நம் மக்கள் உளியையும் அரிவாளையும் எடுத்தார்கள். இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு அரிவாள்.

இங்கே ஒரு விஷயத்தை நேயர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும். பெருந்தோட்டம் ஏன் பெருந்தோட்டமாக இருக்கிறது? முதலாளிக்குப் பேராசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதுவும் உண்டு. ஆனால் அதற்கு முந்திய காரணம் அந்தப் பழத்திலேயே இருக்கிறது.

ரப்பர்ப் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சிறு தோட்டக்காரர் காலையில் மரம் சீவுவார். பாலை உறைய வைத்து, கையால் சுற்றும் உருளையில் போட்டுத் தகடாக்கிக் காயப்போடுவார். இன்று விலை சரியில்லையா? அடுத்த வாரம் விற்றுக்கொள்ளலாம். தகடு காத்திருக்கும்.

செம்பனைக் குலை காத்திருக்காது. மரத்திலிருந்து வெட்டி விழுந்த நிமிடத்திலிருந்து பழத்துக்குள் எண்ணெய் கெடத் தொடங்குகிறது. அமிலம் ஏறுகிறது. 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய் ஆவியில் வெந்தாக வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஆலை வேண்டும். ஆலைக்கு ஓயாமல் பழம் வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர் இல்லாமல் ஓர் ஆலையைப் பட்டினி போடாமல் ஓட்ட முடியாது. மழை பெய்தாலும் லாரி போகும் சாலை வேண்டும். பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று தவறாமல் ஒவ்வொரு மரத்தடிக்கும் ஓர் ஆள் வந்தாக வேண்டும். தீபாவளியானாலும் நோன்புப் பெருநாளானாலும் பழம் பழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆக, பழம் ஆலையைக் கேட்கிறது, ஆலை நிலத்தைக் கேட்கிறது, நிலம் ஆளைக் கேட்கிறது. அந்த ஆள் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும், அதிகாலையில் கிடைக்க வேண்டும், கூலி அதிகம் கேட்கக் கூடாது, வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது. லயன் வீடு என்பது இந்தக் கணக்கின் விடைதான். சிறு தோட்டக்காரரும் இதிலிருந்து தப்ப முடியாது. நாட்டின் செம்பனை நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சிறு தோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. அவர் நிலத்துக்குச் சொந்தக்காரர்தான். ஆனால் வெட்டிய குலையை ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாதவர் யாரிடம் பேரம் பேசுவார்? ஆலைக்காரரோ நடுவில் நிற்கும் வியாபாரியோ எடை பார்த்து, பழம் பழுத்தது போதாது என்று கழித்து, சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

மரத்தின் பக்கம் நியாயம் பேசாமல் போனால் அது ஒருதலைப்பட்சம். ஒரு ஹெக்டர் செம்பனை நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை டன் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன் தந்தால் அதிகம். கடுகினத்து ரேப்சீடும் சூரியகாந்தியும் முக்கால் டன்னைச் சுற்றி நிற்கும். ஐரோப்பியச் சந்தையில் செம்பனை எண்ணெய் இல்லாத பிஸ்கட் என்று பெருமையாக அச்சிட்டு விற்கிறார்கள். அந்த எண்ணெய்க்குப் பதிலாக இன்னொரு எண்ணெய் வரும். அதற்கு நான்கைந்து மடங்கு நிலம் எங்கேயோ உழப்பட்டிருக்கும். பிரேசிலில் உழப்பட்டிருந்தால் அது காடு இல்லையா? இந்த இடத்தில் நம் அமைச்சர்கள் சொல்வது சரி. நான் அவர்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் அந்த மூன்றரை டன் கணக்கில் நிலம் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, ஆள் இல்லை. தோட்டத்தின் சிக்கனம் நிலத்தின் சிக்கனம் மட்டும் அன்று. மனிதனை மலிவாக வாங்கிய சிக்கனமும் அதில் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதுதான் இந்த விவாதத்தின் கோளாறு.

ஒரு சிறிய கதை சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது ஒரு சின்னஞ்சிறு வண்டு. மரத்தைக் கொண்டுவந்த வெள்ளைக்காரர் வண்டைக் கொண்டுவரவில்லை. காற்று பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தார்கள். காற்று பார்த்துக்கொள்ளவில்லை, குலைகள் அரைகுறையாகக் காய்த்தன. பிறகு அந்த வேலையை யார் பார்த்தது? நம் பெண்கள். ஆண்பூவிலிருந்து எடுத்த மகரந்தத்தை டால்கம் மாவோடு கலந்து, ஊதுகுழாயில் போட்டுக்கொண்டு, மரம் மரமாகப் போய், முள்மட்டைகளுக்கு நடுவே கையை விட்டுப் பெண்பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் ஊதினார்கள். தோட்டத்தில் வளர்ந்த, இன்று அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் இந்நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால், முழங்கைக் கீறல்களை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பாகிஸ்தானிய பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூன் நாட்டுக்குப் போய் அந்த வண்டைக் கண்டறிந்தார். முறையான சோதனைகளுக்குப் பின் 1981இல் ஜொகூர் மாநிலம் குளுவாங்கில் அது விடப்பட்டது. சில மாதங்களில் நாடெங்கும் பரவியது. குலை பெருத்தது, விளைச்சல் கூடியது, கையால் மகரந்தம் ஊதும் செலவு மிச்சமானது. அறிவியலின் அருமையான வெற்றி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பது வேறு. அந்த மிச்சத்தில் ஒரு காசாவது ஊதுகுழாய் பிடித்த பெண்ணின் கூலியில் ஏறியதா? அவளுக்கு மாற்று வேலையாகக் கிடைத்தது பெரும்பாலும் மருந்தடிக்கும் வேலை.

மருந்து என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது நஞ்சு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை முதுகுத் தொட்டியில் சுமந்துகொண்டு, முகத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, தமிழ்ப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். மூக்கில் இரத்தம் வடிவது, கண் எரிவது, நகம் கறுப்பது ஆகியவற்றைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. அதே 2002இல் அரசாங்கம் இம்மருந்தைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. நாம் மகிழ்ந்தோம். 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. தோட்டத் துறைக்கு மலிவான மாற்று மருந்து இல்லை என்று காரணம் காட்டப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாள்! அறிவித்ததற்கும் நிறைவேறியதற்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல். இதற்குள் தொட்டி சுமந்தவர்களில் தமிழ்ப் பெண்கள் குறைந்து, இந்தோனேசியப் பெண்கள் கூடிவிட்டார்கள். தடை வந்தபோது நம்மவர்களில் பலர் அந்த வேலையிலேயே இல்லை.

பெருந்தோட்ட அரசியல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 17 ஆண்டுகள்தாம். காட்டுக்குக் குரல் கொடுக்க உலகமே இருக்கிறது. ஏற்றுமதிக்குக் குரல் கொடுக்க அமைச்சு இருக்கிறது. தொட்டி சுமந்தவளுக்கு ஒரு தொழிற்சங்கமும் ஓரிரு பொது அமைப்புகளும் இருந்தன.

நிலத்தின் அரசியலுக்கு வருகிறேன். 1956இல் பெல்டா தொடங்கப்பட்டது. நிலமில்லாத ஏழைக் குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்து ஏக்கர், ஒரு வீடு, கடனை அடைத்த பின் நிலம் சொந்தம் என்பது திட்டம். மொத்தம் 1,12,635 குடியேற்றவாசிகள் இதில் சேர்ந்தார்கள். 1990க்குப் பிறகு புதியவர்களைச் சேர்க்கவில்லை. உலகத்தில் நிலச் சீர்திருத்தம் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பாராட்டியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். பெருந்தோட்டத்தின் ஆலையையும் ஒழுங்கையும் வைத்துக்கொண்டே, வேலை செய்பவனை நிலத்துக்குச் சொந்தக்காரனாக்க முடியும் என்று அது காட்டியது. அதில் இந்தியர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணாவிட்டாலும், மிகச் சிலரே. பெரும்பான்மை மலாய்க் குடும்பங்கள். அவர்களும் ஏழைகள்தாம், அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. காட்டை அழித்து நட்ட தோட்டத் தொழிலாளி அந்தக் கதவுக்கு வெளியே நின்றான் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை, அவ்வளவுதான்.

அதே காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். தொழிலாளர்கள் கொடுத்தார்கள். தோட்டங்கள் வாங்கப்பட்டன. இந்நாட்டில் தொழிலாளி தன் சொந்தப் பணத்தில் பெருந்தோட்டத்துக்குப் பங்குதாரரான முயற்சி அது. அது இன்னும் பெரிதாக வளராமல் போனது ஏன் என்பது தனிக் கருத்தரங்குக்கான தலைப்பு. நெறியாளர் அவர்கள் மனம் வைத்தால் ஒரு வாரம் அதையே பேசலாம்.

பெல்டாவின் பிற்காலக் கதையும் ஒரு பாடம்தான். குடியேற்றவாசிகளின் வாக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடாளுமன்றத் தொகுதிகளில் எடைபோடும் என்பார்கள். ஆகவே ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் முன்னால் ஊக்கத்தொகை, கடன் தள்ளுபடி என்று ஏதாவது ஒன்று வரும். 2012இல் பெல்டாவின் வாணிகப் பிரிவு பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 4 ரிங்கிட் 55 சென். அந்த ஆண்டில் உலக அளவில் நடந்த மிகப் பெரிய பங்கு வெளியீடுகளில் அதுவும் ஒன்று. 2025இல் அதே பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள பெல்டா கொடுக்க முன்வந்த விலை 1 ரிங்கிட் 30 சென். நடுவில் நடந்ததைப் பொருளாதார நிபுணர்கள் பல விதமாக விளக்குவார்கள். நிலத்தில் வேலை செய்பவர் ஒரு பக்கமும், முடிவு எடுப்பவர் தலைநகரத்திலும் இருந்தால், சொந்தக்காரன் என்ற பட்டயம் மட்டும் போதாது என்பது என் விளக்கம்.

நம் மக்கள் தோட்டத்தை விட்டுப் போனதற்கு வருவோம். சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள், நகர மோகம் பிடித்துக்கொண்டது என்றெல்லாம் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்பவர் யாரும் லயன் வீட்டில் இருந்தவர் அல்லர். தோட்டத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே சாவி. வேலை போனால் வீடு போகும். 55 வயதில் ஓய்வு என்றால், பிறந்த வீட்டைக் காலி செய் என்று பொருள். ஆகவே பிள்ளைகளில் ஒருவனாவது அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால்தான் பெற்றோருக்குக் கூரை. மழை பெய்தால் சம்பளம் குறையும். 2013இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 900 ரிங்கிட் என்று வரும்வரை, நாட்கூலிக் கணக்கிலேயே தலைமுறைகள் கழிந்தன. 1980களுக்குப் பிறகு நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, குழிப்பந்துத் திடல்களாயின. இன்று புத்ராஜெயா நிற்கும் இடம் பிராங் பெசார் தோட்டம். நிலத்தின் விலை ஏறியது நிலக்காரருக்கு லாபம். அதில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கு ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தால் பெரிது.

போனவர்களின் இடத்தை இந்தோனேசியர் நிரப்பினர். பிறகு வங்காளதேசிகள், நேபாளிகள், மீண்டும் இந்தியாவிலிருந்தே சிலர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கங்காணி கப்பலேற்றி அழைத்து வந்ததற்கும், இன்று முகவர் விமானமேற்றி அழைத்து வருவதற்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துப் பார்க்கிறேன். அன்றைய தொழிலாளி குடும்பத்தோடு வந்தான். கோயில் கட்டினான், பள்ளிக்கூடம் கட்டினான். இன்றைய தொழிலாளி தனியாக வருகிறான், கடனோடு வருகிறான், ஒப்பந்தம் முடிந்ததும் போய்விட வேண்டும்.

2020இல் கோவிட் வந்து எல்லையை மூடியபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் பட்டவர்த்தனமானது. புதிய அந்நியத் தொழிலாளர் வரவு நின்றது. 2021, 2022 ஆண்டுகளில் செம்பனை எண்ணெய் விலை வரலாறு காணாத உயரத்தில் இருந்தது. பழமோ மரத்திலேயே அழுகியது. உலகத்திலேயே அதிக எண்ணெய் தரும் மரம் நிற்கிறது, விலை நிற்கிறது, ஆலை நிற்கிறது. அறுக்க ஆள் இல்லை! உள்ளூர்க்காரர்களை அழைத்தார்கள். சிலர் வந்தார்கள், பலர் சில வாரங்களிலேயே திரும்பிப் போனார்கள். பன்னிரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இருபது கிலோ குலை விழும் இடத்தில், கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று, கழியைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்றால், அதே சம்பளத்துக்குக் கடைத்தொகுதியில் குளிரூட்டப்பட்ட அறையில் நிற்கத்தானே இளைஞன் விரும்புவான்? 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது எல்லாத் தொழிலுக்கும் அடித்தளம். அபாயமான, திறமை தேவைப்படும் வேலைக்கும் அதுவேதான் அளவுகோல் என்றால் எப்படி?

அதே 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் தென்படுவதாகக் கூறி, நம் நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களான எப்ஜிவி, சைம் டார்பி பிளான்டேஷன் ஆகியவற்றின் செம்பனைப் பொருள்களைத் தடுத்தது. இரண்டுமே நிலைத்தன்மைக்கான வட்டமேசை அமைப்பில் உறுப்பியம் பெற்றவை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 2004இல் தொடங்கிய அந்த அமைப்பின் விதிகளில் தொழிலாளர் நலனும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சான்றிதழ் கொடுக்கத் தணிக்கையாளர் சில நாள் வந்து தங்குகிறார், ஏட்டைப் பார்க்கிறார், நிர்வாகி பக்கத்து அறையில் இருக்கும்போது தொழிலாளியைக் கேள்வி கேட்கிறார். கடப்பிதழைக் கொடுத்துவிட்டு நிற்பவன் என்ன பதில் சொல்வான்? தடைக்குப் பிறகு சைம் டார்பி தன் தொழிலாளர்கள் முகவர்களுக்குக் கட்டிய தொகையைக் கோடிக்கணக்கில் திருப்பிக் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் அதன் மீதான தடை நீங்கியது. செய்ய முடியும் என்பது இதில் தெரிகிறது. முன்பே செய்திருக்க முடியும் என்பதும் தெரிகிறது.

ஐரோப்பாவின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் பற்றி நண்பர் விரிவாகப் பேசினார். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அழிக்கப்பட்ட காட்டில் விளைந்த பொருளை வாங்க மாட்டோம் என்பது அதன் சாரம். அது 2023இல் சட்டமானாலும், நடப்புக்கு வரும் நாள் இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டுவிட்டது. ஒவ்வொரு குலையும் எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடத்தில் காட்ட வேண்டுமாம். பெரிய நிறுவனத்துக்கு அதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். ஐந்து ஏக்கர்க்காரர் என்ன செய்வார்? அவர் பழத்தை வாங்காமல் விடுவது ஆலைக்குச் சுலபம். காட்டைக் காப்பாற்ற வந்த சட்டம் சிறியவரை ஒதுக்கிப் பெரியவரை இன்னும் பெரியவராக்கிவிடக் கூடாது. புகைமூட்டத்தில் 1997இலும் 2015இலும் மூச்சுத் திணறியவர்கள் நாம். சிங்கப்பூர் நேயர்களுக்கும் அது தெரியும். கரிமண் நிலத்தில் தீ வைப்பதை நான் ஒருகாலும் ஆதரிக்க மாட்டேன். நம் நாட்டுத் தோட்ட நிறுவனமே 1980களில் தீயில்லாமல் மறுநடவு செய்யும் முறையை வகுத்து, 1992இல் ஐக்கிய நாட்டு அமைப்பின் விருதைப் பெற்றிருக்கிறது. ஆகவே வழி தெரியாமல் யாரும் கொளுத்துவதில்லை.

இன்னொரு கேள்வி, நிலத்தில் எதை நடுவது என்பது. 2022 ஜூன் மாதம் நம் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. தன் கோழியில் மூன்றில் ஒரு பங்கை நம்மிடம் வாங்கும் சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். கோழித்தீவன விலை ஏறியது முக்கியக் காரணங்களுள் ஒன்று. அந்தத் தீவனத்துக்கான சோளம் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலில் வருகிறது. ஐம்பத்தாறு லட்சம் ஹெக்டருக்கு மேல் எண்ணெய்க்காக நட்டிருக்கும் நாடு, கோழிக்குத் தீனியைக் கடல் கடந்து வாங்குகிறது. ரிங்கிட் கணக்கில் இது லாபமாக இருக்கலாம். கப்பல் வராத ஆண்டில் என்ன செய்வது என்பதை ரிங்கிட் கணக்கு சொல்லாது.

2019இல் அரசாங்கம் செம்பனை நிலப்பரப்பு 65 லட்சம் ஹெக்டரைத் தாண்டாது என்று வரம்பு கட்டியது. நல்ல முடிவு. நிலம் கூடாது என்றால், இருக்கும் நிலத்தில் விளைச்சல் கூட வேண்டும். ஆனால் விளைச்சல் ஆண்டுக்கணக்கில் மூன்றரை டன்னைச் சுற்றியே நிற்கிறது. காரணம் கேட்டால் வயதான மரங்கள் என்பார்கள். 25 வயதைத் தாண்டிய மரம் உயர்ந்துவிடும்; கழி எட்டாது, காய்ப்பு குறையும். வெட்டி மறுநடவு செய்தால் மூன்று ஆண்டுக்கு வருமானம் இல்லை. ஆகவே விலை நன்றாக இருக்கும்போது வெட்ட மனம் வராது. விலை விழும்போது வெட்டப் பணம் இராது. இதற்குள் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. சுற்று தவறினால் பழம் உதிர்கிறது; உதிரிப்பழத்தைப் பொறுக்க ஆள் இல்லை; அந்த உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம். மலேசிய செம்பனை வாரியம் இயந்திர அரிவாளைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறது. தாழ்ந்த மரங்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. உயர்ந்த மரத்துக்கும் மேடுபள்ள நிலத்துக்கும் இன்னும் மனிதக் கையும் மனிதக் கண்ணும்தான். மலிவான ஆள் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருந்தால், இயந்திரத்தில் பணம் போட எந்த முதலாளிக்கு அவசரம்?

இந்தோனேசியாவிலும் சம்பளம் ஏறுகிறது. அங்கே நம்மைவிடப் பல மடங்கு செம்பனை இருக்கிறது, அவர்களுக்கே ஆள் வேண்டும். வங்காளதேச இளைஞனும் ஒரு நாள் வர மறுப்பான். அவனுக்கு அடுத்து எந்த நாடு என்று தேடும் தொழில் நிலைத்த தொழில் ஆகாது. காட்டை அழிக்காமல், ஆற்றைக் கெடுக்காமல் நடத்தினால் பச்சைச் சான்றிதழ் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சான்றிதழில் இன்னொரு கட்டமும் இருக்கட்டும்: இந்தத் தோட்டத்து வேலைக்கு இந்நாட்டுக் குடிமகன் ஒருவன் விரும்பி வந்து, ஓய்வு பெறும்வரை இருந்து, சொந்த வீட்டோடு வெளியே போக முடியுமா?

எனக்கு அடுத்துப் பேசவிருப்பவர் தோட்ட உரிமையாளர் தரப்பைச் சேர்ந்த நண்பர். அவருடைய நேரத்தை நான் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அவரிடம் ஒரு விவரம் மட்டும் கேட்டு அமர்கிறேன். இந்த ஆண்டு மறுநடவில் நட்டிருக்கும் கன்றுகள் 2050 வரை நிற்கும். அவற்றுக்கு எத்தனை டன் உரம், எத்தனை லாரி, ஆலைக்கு எத்தனை கொதிகலன் என்று திட்டம் போட்டு இயக்குநர் வாரியத்தில் ஒப்புதல் வாங்கியிருப்பீர்கள். அதே திட்டத்தில் அறுவடை ஆள் எங்கிருந்து வருவார் என்று என்ன எழுதியிருக்கிறீர்கள் ஐயா? அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே வாசித்துக் காட்டினால் போதும்.